பத்து நாளும் ஒரு பல்லும்

மட்டி ஆலை
வெள்ளிக்கிழமை, 5 மே 2023

ஃபெர்ன் பெண்ணே,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நம் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார்களே, ஒரு பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் படம், அவளுக்கு மீசை வரைந்தது நான்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், ஒட்டிய அன்றைக்கே, பெட்டியில் எடை எழுதுகிற பேனாவால். நுனியை முறுக்கிவிட்டு வேறு வைத்தேன். யார் செய்தது என்று ஆலை முழுக்க விசாரித்தபோது நானும் கூட்டத்தில் நின்று, "யாருக்கும்மா இந்தப் புத்தி?" என்று கேட்டேன். நீயும் பக்கத்தில்தான் நின்றாய்.

உன் சீட்டு கிடைத்தது. ஆனால் ரப்பர் பூட்ஸுக்குள் வைத்தால் கால்தான் முதலில் படிக்கும் என்று உனக்குத் தோன்றவில்லையா? செவ்வாய்க்கிழமை காலை டீ நேரம்வரை அதன்மேல் நின்று கடல் மட்டியின் ஓட்டை உடைத்திருக்கிறேன். பாதி எழுத்து கரைந்துவிட்டது. நீயும் உன் மகள் போஸியும் கிளம்பிவிட்டீர்கள், உன் போனுக்குள் உன் வீட்டுக்காரன் டேரில் வேவு பார்க்க ஏதோ வைத்திருக்கிறான், போன் செய்யக் கூடாது, இந்தத் தபால் பெட்டி எண்ணுக்கு எழுதினால் அடைக்கலம் தருகிற பெண்கள் உன்னிடம் சேர்ப்பார்கள். இவ்வளவும் தெரிந்தது. கடைசி வரி நன்றாகவே தெரிந்தது: "என் வேலை போய்விடுமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், அத்தை."

பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடியவள் நான். நாற்பது வருஷத்தில் மளிகைச் சீட்டைத் தவிர எதுவும் எழுதியதில்லை. இது நாலாவது தாள். முதல் மூன்றும் அடுப்புக்குள் போய்விட்டன.

கேட்டேன். சம்பள அறையில் க்ளெனிஸ் அம்மாவிடம் நேரே போனேன். நாலு நிமிஷம் தாமதம் என்றால் நாலு நிமிஷத்தையும் எழுதி வைக்கிற அதே க்ளெனிஸ். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஃபெர்ன் கொஞ்ச நாள் வரமாட்டா."

"ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு... இருக்கு."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "வீட்டுலயா?" என்றாள்.

வாய் மூடத் தெரியாத நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"பத்து நாள்," என்றாள். "சம்பளத்தோட. ஒவ்வொரு வருஷமும் உண்டு. அவளோட வருஷ லீவத் தொட மாட்டேன். ஒடம்புக்குன்னு இருக்கற நாளையும் தொட மாட்டேன். இது தனி."

"என்னத்தக் காட்டணும்? கையத் தூக்கிக் காட்டணுமா?"

"சான்று கேக்க எனக்கு உரிமை இருக்கு. கேக்கப் போறதில்ல. இந்த ஃபாரத்துல ஒரு கையெழுத்து மட்டும் வாங்கி அனுப்பு. சம்பளச் சீட்டுல வெறும் 'விடுப்பு'ன்னுதான் இருக்கும். வேற யார் எடுத்துப் பாத்தாலும் ஒண்ணும் புரியாது."

"இதெல்லாம் எந்த நாட்டுலம்மா குடுக்கறாங்க?"

"இந்த நாட்டுலதான். சட்டம் வந்து நாலு வருஷமாச்சு. கழிவறைக் கதவுல ஒட்டியும் வெச்சிருக்கேன். எந்த மகராசியோ மீசை வரைஞ்சு வெச்சிருக்கா."

அங்கிருந்து நேராகக் கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மீசைக்குக் கீழே எழுதியிருந்ததை முதல் தடவையாகப் படித்தேன். விரல் வைத்துப் படித்தேன். மூன்று தடவை. வெளியே நம் வரிசை லூபே கதவைத் தட்டி, "அத்தை, உள்ள குடித்தனம் வெச்சிட்டீங்களா?" என்று கேட்கும்வரை படித்தேன். நாலு வருஷமாக என் மூக்குக்கு நேரே இருந்திருக்கிறது, பெண்ணே. அடி விழுந்த வீட்டிலிருந்து கிளம்பிப் போவதும் ஒரு வேலைதான், அதற்கு நாள் வேண்டும், அந்த நாளுக்குச் சம்பளம் வேண்டும் என்று யாரோ எங்கேயோ மேஜை போட்டு உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குளிராகவும் இருக்கலாம்.

ஃபாரம் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு.

டேரில் தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து ஆலை வாசலில் நிறுத்திக்கொண்டு உன்னைக் கேட்டான். என் தங்கைக்குக் கர்ப்பப்பை எடுத்த கதையை முதலிலிருந்து சொன்னேன். முக்கால் மணி நேரம். தையல் பிரித்த கட்டம் வருவதற்குள் போய்விட்டான்.

உன் அத்தை
ஹுஹானா

---

புதன்கிழமை, 10 மே

அன்புள்ள அத்தைக்கு,

ஃபாரம் உள்ளே இருக்கிறது. தேதி சரியாக இருக்கிறதா என்று க்ளெனிஸைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்று ஏழாவது நாள்.

எந்த ஊர் என்று எழுதக் கூடாது. குளிர் அதிகம் என்று சொல்லலாம். மலை தெரிகிறது. உச்சியில் பனி. போஸி அதைப் பார்த்து, "யாரு மாவக் கொட்டினாங்க?" என்று கேட்டாள். ஆறு வயதில் முதல் தடவையாக மலையைப் பார்க்கிறாள் என்றில்லை. முதல் தடவையாக என் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்க்கிறாள். என் முகத்தைப் பார்த்துத்தான் அன்றைக்கு வீடு எப்படி இருக்கப்போகிறது என்று கண்டுபிடிப்பாள், எப்போதும்.

நாட்களை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். முதல் நாள் பேருந்து, கப்பல் துறை, இன்னொரு பேருந்து. மறுநாள் தூங்கினேன். பகல் முழுக்க. எழுந்து பார்த்தால் போஸிக்கு யாரோ தலை பின்னிவிட்டிருந்தார்கள். ஒரு நாள் வக்கீல், அவர் மேஜையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி; நான் தொடவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடம். இன்னொரு நாள் வங்கி.

நேற்று ஒன்றுமே செய்யவில்லை. இங்கே எனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். கதவுக்கு உள்பக்கம் பூட்டு. சாவி என்னிடம். பூட்டினேன், திறந்தேன், பூட்டினேன். அரை நாள் அதையே செய்தேன். அதற்கும் ஆலையில் எனக்குச் சம்பளம் ஓடுகிறது என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரிக்கவில்லை.

வருகிற திங்களோடு பத்தும் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் என்ன என்று தெரியவில்லை. வழக்கு முடியவில்லை. வீடு கிடைக்கவில்லை. வேலைக்கு வர வேண்டுமென்றால் அந்த ஊருக்குத்தான் வர வேண்டும். அந்த ஊரில்தான் அவன் இருக்கிறான்.

மட்டி உடைக்கிற நம் வரிசையில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், அத்தை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஃபெர்ன்

---

திங்கள்கிழமை, 15 மே

அடி பெண்ணே,

நான் வாயைத் திறக்கவில்லை. என் அம்மா மேல் சத்தியம். ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்துபோனது. எப்படி என்று கேள்.

மனசு உறுத்தியது என்று ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து அந்தப் படத்தின் மீசையைத் துடைத்தேன். மீசையோடு அவளுடைய மேலுதடும் போய்விட்டது, அது வேறு விஷயம். மறுநாள் லூபே, "மீசை எங்க போச்சு?" என்று கத்திக்கொண்டு வந்தாள். ஒவ்வொருத்தியாக உள்ளே போய்ப் பார்த்தார்கள். மீசை இல்லாததால் எழுத்தைப் படித்தார்கள். டீ நேரத்தில் மேஜையே அமைதியாக இருந்தது. நம் வரிசை அமைதியாக இருந்து நீ பார்த்திருக்கிறாயா? மட்டி ஓடு விழுகிற சத்தம்கூட இல்லை.

நோலீன்தான் பேசினாள். "ஃபெர்ன் இதுக்குத்தான போயிருக்கா?"

நான் ரொட்டியை மென்றேன்.

"மெல்லுங்க அத்தை, மெல்லுங்க. எங்களுக்குத் தெரியாதா? ஆறு வருஷமாத் தெரியும்."

லூபே விரல்விட்டு எண்ணினாள். "பத்துதானா? எங்க அக்கா வீடு மாறவே மூணு வாரம் ஆச்சு. அதுவும் புருஷன் கூடமாட தூக்கிக் குடுத்து. நம்ம நாளு சும்மாதான கெடக்கு? அதக் குடுத்துடுவோம்."

நீயே சொல், இதில் என்ன தப்பு? நம் குலத்தின் பொதுக்கூடமான மராயேவில் ஒரு இழவு என்றால் கோஹா என்று மொய்க் கவரைத் தரையில் வைத்துவிட்டுத்தானே உள்ளே போகிறோம்? அவரவரால் முடிந்தது. வாங்குகிறவர்கள் யார் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. போன வருஷம் நோலீனுக்கு ஆபரேஷன் ஆனபோது இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவைச் சுற்றில் விட்டோமே. அதே டப்பாவைக் கழுவினோம். பதினோரு பேர், பதினோரு ஃபாரம், ஒவ்வொன்றிலும் பத்து நாள். நூற்றிப்பத்து நாள்! உனக்கு அரை வருஷம் சேர்த்துவிட்டோம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் தலைமுடி வலையும் ஏப்ரனும் சொட்டச் சொட்டப் பதினோரு பேரும் சம்பள அறைக்குள் நுழைந்து, டப்பாவை க்ளெனிஸின் மேஜையில் வைத்தோம். நான் ஒரு சின்னப் பேச்சும் பேசினேன். பேசாமல் இருப்பேனா?

க்ளெனிஸ் மேலாக இருந்த ஃபாரத்தை எடுத்தாள். அடுத்ததை எடுத்தாள். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்குவதைப் பார்த்தேன்.

"எல்லாருக்குமா?" என்றாள். மெதுவாகக் கேட்டாள். "இந்த வரிசைல எல்லாருக்குமா?"

லூபேதான் விளங்க வைத்தாள், எங்களுக்கு இல்லை, ஃபெர்னுக்குக் கொடுக்கிறோம் என்று. க்ளெனிஸ் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

"குடுக்க முடியாதுடி பொண்ணுங்களா. இது கோஹா இல்ல. இது அவங்கவங்களுக்கு. தனக்கு நடந்திருந்தாத்தான் எடுக்கலாம். இல்ல, தன்னோட இருக்கற கொழந்தைக்கு நடந்திருந்தா."

"எங்களுக்கு எதுவும் நடக்கல," என்றேன். "எனக்குக் குதிரையோட சரி." லூபே சிரித்தாள். என் முன்பல்லை உடைத்த குதிரையை உனக்குத்தான் தெரியுமே.

க்ளெனிஸ் சிரிக்கவில்லை. "இன்னொண்ணும் இருக்கு," என்றாள். "எப்ப நடந்துச்சுங்கறது கணக்கில்ல. இந்த ஆலைக்கு வரதுக்கு முன்னாடியா இருந்தாலும் சரி. இருபது வருஷம் ஆகியிருந்தாலும் சரி." அப்புறம் எழுந்தாள். "நான் போயி டீ போட்டுட்டு வரேன். உங்களோடது இல்லாத ஃபாரத்தத் திருப்பி எடுத்துக்கங்க." கதவைச் சாத்திவிட்டுப் போனாள். சாத்தினாள் பார்.

ஒவ்வொருத்தியாக டப்பாவுக்குள் கைவிட்டோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நானும் என்னுடையதை எடுத்து ஏப்ரனில் சொருகிக்கொண்டேன். க்ளெனிஸ் டீயோடு திரும்பி வந்தபோது டப்பாவில் நாலு மிச்சம் இருந்தன.

நாலு, ஃபெர்ன். இருபது வருஷமாக இவர்களோடு தோள் உரசி நிற்கிறேன். யாருக்கு எந்தக் கால் வலிக்கும், யார் டீயில் எத்தனை சர்க்கரை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நாலு பேர் யார் என்று தெரியவில்லை. அன்று முழுக்க பெல்ட்டில் மட்டி வந்துகொண்டே இருந்தது, பத்து ஜோடிக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரே வேகம். ஒரு கைகூட நடுங்கவில்லை. மலையைப் பார்த்து வாய் பிளக்கிறாளே போஸி, அப்படித்தான் நின்றேன்.

க்ளெனிஸ் நாலையும் எண்ணவில்லை, பிரித்துப் பார்க்கவும் இல்லை. டப்பாவை மூடி இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "டீ ஆறுது," என்றாள்.

அத்தை

---

வெள்ளிக்கிழமை, 19 மே

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாளாகக் கையில் வைத்திருக்கிறேன். நல்ல கடிதம். டப்பா, நூற்றிப்பத்து நாள், எல்லாம். அழுதேன். அதற்காக நன்றி சொல்லிவிட்டு நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

ஆறு வருஷமாக எல்லோருக்கும் தெரியுமா?

ஒரு தடவை என் கன்னம் வீங்கி வந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? "மட்டி கடிச்சிடுச்சா?" நான் சிரித்தேன். மணிக்கட்டில் கட்டுப் போட்டு வந்தபோது, "மறுபடியும் மட்டியா? இந்த வருஷம் ரொம்பக் கோவமா இருக்குங்க போல." அப்போதும் சிரித்தேன். வரிசையே சிரித்தது. நீங்கள் சிரிக்க வைப்பதற்காகவே வேலைக்கு வந்தேன், அது உண்மை. ஆனால் சிரித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பிப் போனேன், அத்தை. அதுவும் உண்மை.

குதிரை. பதினொரு வருஷம் உங்கள் பக்கத்தில் நின்றிருக்கிறேன். குதிரை உதைத்த கதையை ஒரு முப்பது தடவை கேட்டிருப்பேன். ஒரு தடவை கறுப்புக் குதிரை. ஒரு தடவை செம்பட்டை. ஒரு தடவை அது குதிரையே இல்லை, கோவேறு கழுதை. லூபேயின் மகள் வளர்க்கிற மட்டக்குதிரையைக் கண்டாலே காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்கிறவர் நீங்கள். குதிரைக்குப் பக்கத்தில் உங்கள் பல் எப்படிப் போனது?

எனக்கு முதல் நாளே தெரியும் என்று நினைக்கிறேன். உங்களுக்கும் என்னை முதல் நாளே தெரிந்திருக்கும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பதினொரு வருஷம் மட்டி உடைத்தோம்.

ஒரே ஒரு தடவை நீங்கள் சொல்லியிருந்தால்.

பத்து நாள் தீர்ந்துவிட்டது. வருஷ லீவில் மிச்சமிருந்ததும் ஓடிக்கொண்டிருக்கிறது. டேரில் என் அம்மா மூலமாகச் செய்தி அனுப்பியிருக்கிறான். அழுகிறானாம். சமையலறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்திருக்கிறானாம், எனக்குப் பிடிக்கும் என்று. எனக்கு மஞ்சள் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது.

31ஆம் தேதி, புதன்கிழமை பேருந்துக்கு இரண்டு சீட்டு வாங்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

ஃபெர்ன்

---

புதன்கிழமை, 24 மே

ஃபெர்ன்,

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். சிவப்புப் பட்டை ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

அது குதிரை இல்லை. என் புருஷன் மனாஹி. 1999, ஆகஸ்ட் மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உருளைக்கிழங்கு வேகவில்லை. அவ்வளவுதான்.

நீ அவனைப் பார்த்ததில்லை. ஊரில் கேட்டால் எல்லோரும் நல்லதுதான் சொல்வார்கள். நல்லவன்தான், வாசலுக்கு வெளியே. கிட்டார் எடுத்தால் கூட்டம் கூடும். கடலில் செத்துப்போனான். இழவு மூன்று நாள் நடந்தது. இரண்டு பேருந்து நிறைய ஆட்கள் வந்தார்கள். அவன் தலைமாட்டில் உட்கார்ந்து நான் பாடினேன். நன்றாகப் பாடினேன் என்றார்கள். பல் இல்லாத இடத்தில் காற்று போனது யாருக்கும் கேட்கவில்லை.

அப்புறம் எப்படிச் சொல்வது? ஊரே அழுகிற ஆளைப் பற்றி யாரிடம் சொல்வது? குதிரையைப் பிடித்துக்கொண்டேன். குதிரைக்கு உறவுக்காரர்கள் இல்லை.

உன் கன்னத்தைப் பார்த்த அன்றைக்குத் தெரியும். நீ சொல்வது சரி. பார்த்ததும் என் வாய் முந்திக்கொண்டது. மட்டி கடித்ததா என்று அது கேட்டுவிட்டது. நீ சிரித்தாய். அப்பாடா, சிரித்துவிட்டாள், இனிமேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று நினைத்தேன். இப்போது உண்மையைச் சொல்வதாக இருந்தால் அப்படித்தான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. இவ்வளவு நாள் சிரிக்க வைக்கத்தான் தெரியும்.

போன கடிதத்தில் ஒரு பொய் எழுதினேன். என் ஃபாரத்தை எடுத்து ஏப்ரனில் சொருகினேன் என்றேனே. டப்பாவுக்குள் கையை விட்டேன். என் பெயர் எழுதிய தாள் விரலில் பட்டது. கை வெறுமையாக வெளியே வந்தது. என்னைக் கேட்கவில்லை. ஏப்ரனுக்குள் கையை விட்டு எதையோ வைப்பதுபோல வைத்தேன். அந்த நாலில் ஒன்று என்னுடையது. இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. ஐம்பத்து மூன்று வருஷமாக என்னோடு இருக்கிற கை.

உன் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டு க்ளெனிஸிடம் போனேன். இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்தாள்.

"எத்தன நாளா வெச்சிருக்கீங்க, ஒண்ணுமே கேக்கலியே?" என்றேன்.

"நீ வரணும்ல."

"குதிரைக்கும் லீவு உண்டா?"

"குதிரைக்கெல்லாம் கெடையாது, ஹுஹானா. புருஷனுக்குத்தான் உண்டு."

அந்த அறையில் அழுதேன். இருபத்து நாலு வருஷம் கழித்து, க்ளெனிஸ் முன்னால், மட்டி நாற்றத்தோடு. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எதுவும் எழுதவில்லை.

இப்போது உன் விஷயம், கவனமாகப் படி. பத்து நாளோடு சட்டம் முடியவில்லையாம். வேலை நேரத்தை, வேலை செய்கிற இடத்தை, இரண்டு மாதத்துக்கு மாற்றித்தரச் சொல்லி நீ எழுதிக் கேட்கலாம். தெற்கே நம் முதலாளிக்கு ஒரு சிப்பிக் கொட்டகை இருக்கிறதே, அங்கே உன்னை நிறுத்த முடியும் என்கிறாள். மேலே பேசிவிட்டாள். பத்து நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டமாம், அரை மணி நேரத்தில் சொல்ல வைத்துவிட்டாள். நீ ஒரு வரி எழுதினால் போதும். ஃபாரம் வைத்திருக்கிறேன்.

வராதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? மனாஹியும் எனக்கென்று கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்தான். அழகான பச்சை. அதை மட்டும் சொல்கிறேன்.

ஹுஹானா

---

வியாழக்கிழமை, 8 ஜூன்

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் தபால் பெட்டியில் கிடந்து செவ்வாய்க்கிழமை 30ஆம் தேதிதான் கைக்கு வந்தது. புதன்கிழமை நானும் போஸியும் பேருந்து நிலையத்துக்குப் போனோம். பையோடுதான் போனோம். அதை மறைக்க விரும்பவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்தோம். பேருந்து வந்தது. ஓட்டுநர் இறங்கி, "ஏறலியாம்மா?" என்று கேட்டார். அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று போஸி என் முகத்தைப் பார்த்தாள். இங்கே வந்ததிலிருந்து அவள் அப்படிப் பார்த்து நாளாகிவிட்டது. "இல்லங்க, சும்மா பாக்க வந்தோம்," என்றேன். "பேருந்தயா?" என்றார். ஆமாம் என்றேன். கதவு மூடியது. கிளம்பிப் போய்விட்டது, அத்தை. ஒன்றும் நடக்கவில்லை. வானம் இடியவில்லை. ஒரு பெரிய வண்டி நான் இல்லாமல் திரும்பி, வளைவில் மறைந்தது. நான் இவ்வளவு பெரிய ஒன்றைச் செய்ததே இல்லை, அதுவும் உட்கார்ந்த இடத்தில்.

அப்புறம் பஃப்ஸ் வாங்கித் தின்றோம். ஆட்டிறைச்சி வைத்தது.

காப்பு ஆணை வந்துவிட்டது. அவன் எங்கள் பக்கம் வரக் கூடாது. நீதிபதி என் பெயரைச் சரியாகச் சொன்னார். என்னமோ அதுதான் மனதில் நிற்கிறது.

செவ்வாய் முதல் சிப்பிக் கொட்டகையில் நிற்கிறேன். சிப்பி மட்டியைவிட அடம். முதல் நாள் மூன்று இடத்தில் கையைக் கீறிக்கொண்டேன். மேற்பார்வை செய்கிற பெண், "முன்ன எங்க பழகினீங்க?" என்று கேட்டார். "ஹுஹானா பக்கத்துல," என்றேன். என்ன பாடம் என்று கேட்கவில்லை, நல்லவேளை.

என் வரிசையில் பக்கத்தில் நிற்கிறவளுக்குச் சொந்தமாகக் குதிரை இருக்கிறது. செம்பட்டை. நேற்று வேலை முடிந்ததும் போஸியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். முகத்துக்கு நேரே நின்று, "எங்க அத்தை பல்ல ஒடச்சது நீயா?" என்று கேட்டேன். அது இல்லை என்று தலையை ஆட்டியது. நன்றாக, இரண்டு தடவை.

உங்கள் மேல் கோபம் போய்விட்டது என்று எழுத நினைத்தேன். முழுக்கப் போகவில்லை. பாதிக்குமேல் போய்விட்டது. மிச்சம் இருக்கிறதை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் பத்து நாளை என்ன செய்யப்போகிறீர்கள்?

ஃபெர்ன்

---

வெள்ளிக்கிழமை, 30 ஜூன்

ஃபெர்ன் பெண்ணே,

என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. க்ளெனிஸிடம் கேட்டேன், மனாஹி செத்துப்போய்விட்டான், வீடு என்னுடையது, யாரிடமிருந்தும் ஓட வேண்டியதில்லை, லீவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? "அவன் செஞ்சதால இன்னும் மிச்சம் இருக்கறது எதாவது உண்டா? அதச் சரிபண்ண எடுத்துக்க," என்றாள். நான் வாயைத் திறந்து காட்டினேன்.

போன வியாழக்கிழமை, ஒரு வேலை நாளில், மழை இல்லை, காய்ச்சல் இல்லை, இழவு இல்லை, ஆனாலும் நான் ஆலைக்குப் போகவில்லை. பல் மருத்துவர் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக வளைகுடா முழுக்கத் தெரிந்தது. மட்டிப் படகுகள் வந்துகொண்டிருந்தன. அந்த மட்டியை உடைப்பதற்குப் பதில் நான் இங்கே இருப்பதற்குச் சம்பளம் ஓடுகிறது என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு, வேகாத உருளைக்கிழங்குக்கு, இத்தனை வருஷம் கழித்து யாரோ பதில் சொல்கிறார்கள். யார் என்று தெரியவில்லை. ஒரு நாடு முழுக்கச் சேர்ந்து மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு டீ போடப் போனதுபோல இருந்தது.

டாக்டர் சின்னப் பையன். "எப்படிங்க போச்சு இந்தப் பல்லு?" என்று கேட்டான். வாய் நிறையப் பஞ்சு. குதிரை என்று சொல்வதுதான் சுலபம், ஒரே வார்த்தை. "புருஷன்" என்றேன். பஞ்சோடு சொன்னதால் அவனுக்குப் புரியவில்லை, மறுபடியும் சொல்லச் சொன்னான். மூன்று தடவை சொன்னேன், பெண்ணே. மூன்றாவது தடவை கத்தினேன். வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். இத்தனை வருஷம் ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டு, ஒரே காலையில் பாதி ஊருக்குச் சொல்லிவிட்டேன்.

பல் பொருத்தினான். கழற்றி மாட்டுகிற வகை. கண்ணாடியில் பார்த்தேன். இருபத்தொன்பது வயதில் நான் எப்படி இருந்தேன் என்று மறந்தே போயிருந்தது. மோசமாக இல்லை.

மறுநாள் வரிசையில் லூபே பார்த்துவிட்டு, "அத்தை, குதிரை திருப்பிக் குடுத்துடுச்சா?" என்று கேட்டாள். "அது குதிரையே இல்லடி," என்றேன். பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. அவ்வளவு சத்தத்திலும் எல்லோருக்கும் கேட்டது. லூபே கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் முழங்கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள். அப்புறம் மறுபக்கம் நின்ற நோலீனும் பிடித்தாள். டப்பாவில் இருந்த மற்ற மூன்றும் யாருடையவை என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் நோலீன் கையை எடுக்கக் கொஞ்சம் தாமதமானது.

ஒன்பது நாள் மிச்சம் இருக்கிறது. ஒன்றைப் போட்டு உன்னைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். அதற்கு இது செல்லாது, வருஷ லீவு எடு என்றாள் க்ளெனிஸ். ஆகஸ்டில் எடுத்திருக்கிறேன். எங்கே தங்கியிருக்கிறாய் என்று அப்போது சொன்னால் போதும். மாவு கொட்டிய மலை என்று கேட்டுக்கொண்டே வந்துவிடுவேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பதே காலுக்கு, பெல்ட்டில் நிற்கும்போது உன் குதிரை தலையை ஆட்டியது நினைவுக்கு வந்தது. சிரித்தேன். பல் கழன்று பெல்ட்டில் விழுந்தது. வரிசையைப் பத்தொன்பது நிமிஷம் நிறுத்தினார்கள். உலோகத்தைக் கண்டுபிடிக்கிற கருவி அதைக் கண்டுபிடிக்கவில்லை. அறுபது கிலோ மட்டியைத் தனியாகக் கொட்டிப் பதினோரு பேரும் தேடினோம். க்ளெனிஸ் பதிவேட்டில் எழுதினாள். வெளிப்பொருள்: பல். எண்ணிக்கை: ஒன்று. உரிமையாளர்: தெரியும். கிடைத்த இடம்: மட்டிக்குள். அறுபது கிலோவையும் குப்பையில் போட்டார்கள். பல்லைக் கழுவிக் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டேன். கொஞ்சம் உப்புக் கரித்தது.

உன் அத்தை
ஹுஹானா